தூங்கும் முன் ஒரு கேள்வி

ஆம்பூர்
06.08.2025, இரவு 9.20

அன்புள்ள பூர்ணிமா,

ஐந்து இரவு, பதினேழு தவறு! எல்லாம் நம் மகள் யாழிசை தானாகவே ஒப்புக்கொண்டவை. தூங்கும் முன் பிள்ளையிடம் அன்றைய நாளைப் பற்றிப் பேசினால் தன்னம்பிக்கை வளரும் என்று, ஐதராபாத்துக்குப் பயிற்சிக்குக் கிளம்பும்போது நீதானே சொன்னாய்? செய்கிறேன். கம்பெனியில் ஷூவுக்கு வரும் தோலைச் சோதிக்கிற அதே முறை. "இன்னிக்கு இன்னா தப்பு? எதனால? நாளைக்கு எப்படிச் சரி பண்ணுவ?" ஏழு வயதில் என்ன நேர்மை! என் செக்‌ஷனில் ஒருத்தனும் இப்படி ஒத்துக்கொண்டதில்லை.

நவநீதன்


ஐதராபாத்
10.08.2025

அன்புள்ள உங்களுக்கு,

போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள். அதனால் மெயிலில் எழுதுகிறேன்.

இன்று உங்கள் மகள் போனில் கேட்டாள்: "அம்மா, ரிஜெக்ட் ஆன தோல எங்க போடுவாங்க?"

"எதுக்குடி?"

"நான் தெனமும் ரிஜெக்ட்தான். அப்பாகிட்ட சொல்லாத."

சுதந்திர தினத்துக்குப் பள்ளியில் கதை சொல்ல மாட்டாளாம். தப்பு வந்தால் ராத்திரி உங்களிடம் சொல்ல வேண்டுமே!

ஏங்க, நல்லதைக் கேட்கத்தானே சொன்னேன்? இப்படியே போனால் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடுவேன். மிரட்டலுக்குச் சொல்லவில்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

பூர்ணிமா


ஆம்பூர்
11.08.2025, இரவு 9.50

பூர்ணிமா,

வராதே! பயிற்சியை முடி. நடந்ததைக் கேள்.

அவள் உன்னிடம் சொன்ன ரிஜெக்ட் பற்றி நான் வாயே திறக்கவில்லை. "இன்னிக்கு நீ நல்லா செஞ்சது இன்னா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல." சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்கா பொறுமை? இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். ரொம்ப நேரம் கழித்து, "எதிர்வீட்டு மெஹக்குக்கு ஷூ லேஸ் கட்டச் சொல்லிக் குடுத்தேன்" என்றாள்.

"நான் சொல்லிக் குடுத்த முடிச்சா?"

"உன்னுது அவுந்துடும்ப்பா. இது நானே கண்டுபுடிச்சது."

ஷூ கம்பெனிக்காரனிடமே! ஓடிப்போய் என் ஷூவை எடுத்துவந்து மெத்தைமேல் வைத்தேன். கட்டினாள். பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். அவிழவில்லை, பூர்ணிமா! சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கலே வந்துவிட்டது.

"மேடைல கதை சொல்றதுதான... யோசிக்கிறேன்" என்றாள், அவளாகவே. நான் தொடர்ந்து கேட்கவில்லை, நம்பு.

பிறகு, "உனக்கு இன்னிக்கு நல்லா நடந்தது இன்னாப்பா?" என்றாள். இன்று நான் திருப்பி அனுப்பிய தோல்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

"அவசரமில்ல, யோசி" என்றாள். நான் யோசித்து முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள்.

இனி:

1. 'இன்னா தப்பு' என்ற கேள்வி ராத்திரியில் இந்த வீட்டில் கிடையாது.
2. பதினைந்தாம் தேதி அவள் கதை சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவளும் நானும் பள்ளிக்குப் போகிறோம்.
3. நாளை ராத்திரி அவள் மறுபடியும் கேட்பாள். அதற்குள் நான் ஒரு நல்ல காரியமாவது செய்தாக வேண்டும்.

நவநீதன்