காலியான ஆந்தைப் பெட்டிகள்

பிப்ரவரி 4
ஓடையோரக் காட்டை இன்று வழித்து எடுத்துவிட்டார்கள். காலையிலிருந்து இயந்திரச் சத்தம். என் குழந்தைகள் காப்பகத்தில் ஒரு பிள்ளைகூடத் தூங்கவில்லை. அந்தத் துண்டிலும் எண்ணெய்ப்பனை நடப்போகிறார்களாம். கண்ணுக்கெட்டிய தூரம்வரை அதுதானே இருக்கிறது, போதாதா?

"காடு போனா உனக்கு நல்லதுதானே, பாம்பு வராது" என்றார் என் வீட்டுக்காரர். அதுவும் சரிதான். தோட்டத்து வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் என் பொறுப்பில் தரையில் பாய் போட்டுப் படுக்கிறார்கள். பாம்பு என்றாலே எனக்குப் பாதி உயிர் போய்விடும்.

மார்ச் 2
எலி. காப்பகக் கிடங்கறையில் பால்மாவுப் பையைக் குதறி வைத்திருக்கிறது.

"மரநாயும் காட்டுப்பூனையும் காட்டோட போச்சு. இனிமே எலியைக் கேக்க ஆளில்ல" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

ஆந்தைகள் இருக்கின்றனவே என்றேன். பனைகளுக்கு நடுவே, கம்பத்தில் பெட்டி கட்டித் தோட்ட நிர்வாகமே குடிவைத்த ஆந்தைகள்.

மார்ச் 19
நிர்வாகத்துக்குப் பொறுமை இல்லை. எலிக்கு வைக்கும் விஷக்கட்டி வந்திறங்கிவிட்டது. மரத்தடியில் அதை வைக்கும் வேலை என் வீட்டுக்காரருக்கு. திரும்பத் திரும்ப சோப்புப் போட்டுக் கைகழுவச் சொன்னேன்.

"இன்னொரு தடவை கழுவினா ரேகையே அழிஞ்சிடும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் மகள் வாலு எது கிடைத்தாலும் வாயில் போட்டுக்கொள்கிறாள்.

ஏப்ரல் 6
எலி குறைந்திருக்கிறது. அப்பாடா.

ஏப்ரல் 27
பெட்டிக்குக் கீழே ஆந்தைகள் செத்துக் கிடந்தனவாம், ஜோடியாக. விஷம் தின்ற எலியைத் தின்றிருக்கின்றன. இவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். "நான் எலிக்குத்தானே வச்சேன்?" என்றார்.

மே 21
எலிகள் திரும்பிவிட்டன, முன்னைவிட அதிகமாக. விஷக்கட்டியைத் தின்றுவிட்டும் திடமாக ஓடுகின்றன, பட்டப்பகலில், தலைக்கு மேலே. ஆந்தைப் பெட்டி எல்லாம் காலி.

ஜூன் 5
அக்காவின் மகன் ஆஸ்பத்திரியில். கண்ணெல்லாம் மஞ்சள். எலிக்காய்ச்சலாம். எலி மூத்திரம் பட்ட ஈரத்திலிருந்து வருமாம்.

அவன் என் காப்பகத்துப் பிள்ளை. என் தரையில்தானே தவழ்ந்தான் - ஐயோ, தினமும் பினாயில் ஊத்திக் கழுவினேனே! அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 6
வாலுவின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். சுடுதா? இல்லை, என் கைதான் சுடுதா?

ஜூன் 13
பிழைத்துவிட்டான். அக்காவும் நானும் ஆஸ்பத்திரி வாசலிலேயே கட்டிக்கொண்டு அழுதோம். ஆனால் எலிகள் அங்கேயேதான் இருக்கின்றன. அடுத்தது யார் பிள்ளை?

ஜூன் 20
கிடங்கறையைத் திறந்தால், அலமாரிக்கு அடியில் பாம்பு. அலறிவிட்டேன். அது படமெடுக்கவில்லை. வாயில் எலி, வால் மட்டும் வெளியே. பெரிய கண், மஞ்சளும் பழுப்புமான உடம்பு. சாரை. விஷம் கிடையாது, தெரியும். தெரிஞ்சு என்ன, வெளியே பாய்ந்துவிட்டேன்.

வெளியே புல் வெட்டிக்கொண்டிருந்த இவர் தடியோடு ஓடிவந்தார். "என்ன, பாம்பா?"

கதவைச் சாத்தி முதுகைக் கொடுத்து நின்றேன். "பல்லிங்க."

"பல்லிக்கா இந்தக் கத்து? உசிரே போச்சு எனக்கு!"

"பெரிய பல்லி."

முணுமுணுத்துக்கொண்டே போனார்.

ஜூலை 1
கொத்தனார் சிமெண்டோடு வந்தார். கூரை இடுக்கு வழியாகத்தான் எலி இறங்குகிறது. அதை அடைக்க நிர்வாகம் சொல்லவில்லையாம், சுவர் மட்டும்தானாம். கிடங்கறைச் சுவரின் அடியில், வெளிப்பக்கமாக ஒரு ஓட்டை. அதில் கரண்டியை வைத்தார்.

"அதை விட்டுடுங்க அண்ணே."

"ஏம்மா, பாம்பு கீம்பு வந்துடுமே?"

"காத்து வரட்டும்."

ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். பிள்ளைகளைப் படுக்க வைத்தேன். கிடங்கறைக் கதவின் அடியில் பழைய துணியை இறுக்கித் திணித்தேன். பிறகு, பிள்ளைகளுக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் என் பாயை விரித்து உட்கார்ந்துகொண்டேன்.