அட்டைப்பெட்டி ஊரில் என் வீடு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் நலம்.

ஆண்டுத் தொடக்கத்தில் ‘என் குடும்பம்’ பாடம் நடத்தியபோது வாயே திறக்காத என் மழலை வகுப்புச் சிறுமி ஒருத்தி, நேற்றுப் பேசிவிட்டாள். ‘நம் ஊர்’ பாடத்துக்காக அட்டைப்பெட்டிகளை அடுக்கித் தரையில் ஊர் கட்டிக்கொண்டிருந்தோம்.

"டீச்சர், உங்க வீடு எங்க?"

"இந்த ஊர்ல இல்லடா கண்ணு. ரொம்ப தூரம்."

யோசித்தவள், ஒரு பெட்டியைத் தன் வீட்டோடு ஒட்டிவைத்தாள். "இங்கயே இருங்க. பயமா இருந்தா எங்கம்மாவைக் கூப்பிடுங்க."

சிரித்துவிட்டேன். பிறகு முகம் கழுவப் போனேன், சாக்பீஸ் தூசிதான்.

குழந்தைகள் வேடம் போட அம்மாவின் பழைய புடவை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்