செல்வத்துக்காக வைத்திருந்த மோட்டார்கள்

ஐப்பசி, வியாழக்கிழமை. பாப்பாரப்பட்டி.

செல்வம் இன்று கடைக்குத் திரும்பி வந்தான். என்னிடம் எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி, காயில் கட்டுகிறவன். ஓயாத வேலையில் தூக்கம் கெட்டு, ஆடி மாதம் வீட்டோடு படுத்துவிட்டவன். அவன் இடத்தில் நான் வேறு ஆளை உட்கார வைக்கவில்லை. அவசரக்காரர்கள் தர்மபுரிக்குப் போனார்கள், போகட்டும். மற்ற விவசாயிகளின் மோட்டார்களைச் சுவரோரம் அடுக்கி, அவரவர் பேரைச் சாக்பீஸால் எழுதிவைத்தேன்.

“எல்லாம் உனக்குன்னே வெச்சிருக்கேன்டா. ஒருத்தனையும் தொட வுடல” என்றேன்.

சாப்பாட்டுப் பையோடு வாசலிலேயே நின்றான். “அண்ணா, டாக்டரு மெதுவா ஆரம்பிக்கச் சொன்னாருங்க.”

“மெதுவாவே பண்ணு. உன்ன யாரு முடுக்கறாங்க?”

உட்கார்ந்தான். கம்பியைக் கையில் எடுத்தவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். மத்தியானத்துக்கு முன்பே எழுந்து போய்விட்டான். பையைக்கூட எடுக்கவில்லை.

சாயங்காலம் அவன் மனைவி போன் செய்தாள். “உங்க மேல கோவமில்லீங்கண்ணா. அத்தனையும் ஒண்ணா பாத்ததும் மூச்சு முட்டிருச்சாம்.”

எனக்கு யார் ஓய்வு கொடுத்தார்கள்? எரிந்த மோட்டார்களைப் பிரித்துப் பிரித்து இந்தத் தொழிலை நானே கற்றுக்கொண்டேன். அவன் வேலையை அவனுக்கென்று காத்துவைத்தது மரியாதை. அதில் தப்பில்லை.

போனை வைத்தபின் மோட்டார்களை ஒவ்வொன்றாகப் பின்னறைக்கு இழுத்துப்போட்டேன். ஒரு கை கொடுக்க ஆளில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. சின்ன மோட்டார் ஒன்றை மட்டும் அவன் மேசையில் வைத்தேன். அதிலிருந்த பேரையும் துடைத்துவிட்டேன்.

கடை அடைசலாக இருந்தது, அதனால்தான்.

நாளை வருவானா என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பையிலிருந்த சோற்றை நான்தான் சாப்பிட்டேன். டப்பாவைக் கழுவி வைத்திருக்கிறேன்.