கையிலிருந்த கோல்

1938 யூலை 5
மனேஜர் பொன்னம்பலம் புது வேலை தந்தார். கொழும்பில் டிக்கட் எடுத்து, கடல் கடந்து அக்கரையில், இந்தியாவில், எங்கள் ரயிலேறும் பயணிகளுக்குக் கம்பனியின் வரலாற்றைச் சிறு புத்தகமாக எழுத வேண்டும். தெற்கு லைன், ஆற்று லைன் என்ற இரண்டு சின்னக் கம்பனிகள் ஒன்றாகி அடுத்த வருடம் ஐம்பது ஆண்டு. அந்தக் கதையில் அப்பாவும் இருக்கிறார் என்று நான் சொல்லவில்லை.

யூலை 9
கம்பனிகள் சேர்ந்த முதல் கிழமையே இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதின. எட்டுப் பேர் செத்தார்கள். ஒருவர் அப்பா சவிரிமுத்து, தெற்கு லைன் டிரைவர். நேரத்துக்கு முன் கிளம்பியது அவர் பிழை என்று கம்பனி முடித்துவிட்டது. நான் அப்போது கைக்குழந்தை; அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்குத் திரும்பினார்.
ஒவ்வொரு ஒக்டோபரிலும் அம்மா கொச்சிக்கடைக் கத்தோலிக்கக் கோவிலில் மற்ற ஏழு பேருக்கும் பூசை வைப்பிப்பார். அப்பாவின் பெயரைக் கொடுப்பதில்லை. "சாக்காட்டினவரையும் செத்தவையையும் ஒரு பூசையில சேர்க்கேலாது" என்பார்.

யூலை 10
ஞாயிறு. பூசைக்குப் போகவில்லை. கோபம் — யார் மேல்?

யூலை 23
பழைய கதை கேட்க வெள்ளவத்தைக்குப் போனேன். அக்கரையில் ஆற்று லைனில் வேலை செய்த மஜீட் நானா அங்கே மகனோடு இருக்கிறார். நான் யாருடைய பிள்ளை என்றதும் கையைப் பிடித்துக்கொண்டார்.
"மத்த எஞ்சின்ல கரி போட்டது நான்தான் தம்பி. எங்கட லைன்ல மணி பார்த்துத்தான் போற. ஒங்கட அப்பாட லைன்ல ஒரு மரக்கோல். அது யார்ட கையில இருக்கோ அவருக்குத்தான் பாதை. ஸ்டேசன்ல அவருக்குக் கோலைக் குடுத்தீக்காங்க. எங்களுக்கு அத ஒத்தரும் சொல்லல்ல."
கம்பனிகளைச் சேர்த்தார்கள். பெயர்ப்பலகை மாற்றினார்கள், எஞ்சின்களுக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள். ஒரே பாதையில மணியும் கோலுமா ரெண்டு ஒழுங்கில வண்டி ஓடுதெண்டு ஒருத்தரும் — ஒருத்தருமே யோசிக்கேல்லையா? இவ்வளவு வருசமா அம்மா தலை குனிஞ்சு கொண்டெல்லோ இருந்தவ.

ஓகஸ்ட் 2
விபத்தைப் பற்றி நான் எழுதிய பத்தியை மனேஜர் வெட்டினார். கெட்ட மனிதர் அல்ல. "வண்டியேறப் போறவனுக்கு மோதின கதை ஏன், ஹியூபேட்?"
"அது இல்லாமல் மிச்சத்தைத் தரமாட்டன்" என்றேன். வேலை இன்னொருவரிடம் போயிற்று.

ஓகஸ்ட் 7
மஜீட் நானாவைக் கொட்டாஞ்சேனையிலுள்ள எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்தேன். அம்மா கதவோரம் நின்று முழுவதும் கேட்டார். பிறகு ஒரே கேள்வி.
"கோல் அவற்ற கையில இருந்ததை நீங்களே கண்டனீங்களோ?"
"ஓம். விரலப் பிரிச்சு எடுத்தது நான்தான்."
அம்மா தேத்தண்ணீர் போட்டு வந்தார். சீனி போட மறந்திருந்தார். நானா அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

ஒக்டோபர் 3
புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். விபத்து இல்லை. அப்பாவும் இல்லை.

ஒக்டோபர் 14
கொச்சிக்கடை. பூசைக்கு முன் பங்குச் சுவாமி வழக்கம்போல் ஏழு பெயர்களை வாசித்தார். அவ்வளவுதான் என்று நான் எழும்பப் பார்த்தேன். அவர் நிறுத்தவில்லை. "சவிரிமுத்து" என்றார்.
அம்மா தானே போய்ச் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியாது.
ஏழு பெயருக்கும் தலை குனிந்திருந்தவர், எட்டாவதற்கு நிமிர்ந்தார்.