எந்த வீடு என்று கேட்டார்கள்

மார்ச் 6
பாப்பாவின் ஷூ மறுபடி சின்னதாகிவிட்டது. நாளைக்கு எனக்கு இன்டர்வியூ. இவருக்கு நிரந்தர வசிப்புரிமை கார்டு போன மாதமே கிடைத்துவிட்டது, இழுபறி என்னுடையதுதான். பிரசவத்துக்கு ஊரில் அம்மாவிடம் போனவள் எட்டு மாதம் தங்கிவிட்டேன். ஆறு மாதத்துக்கு மேல் இந்த நாட்டுக்கு வெளியே இருந்தால், இங்கே தொடர்ந்து வாழ்ந்ததாகக் கணக்கில்லையாம். பாப்பா எடை ஏறாமல் கிடந்தாள். விமானம் கூடவே கூடாது என்றார் டாக்டர். அந்தச் சீட்டு இருக்கிறது. போதாதா?

மார்ச் 7
சொதப்பிவிட்டேன்.
இத்தனை மாதம் ஏன் என்று கேட்டார் அதிகாரி. பேசியது அவர் மொழியில், நினைப்பு தமிழில். "பிரசவத்துக்கு வீட்டுக்குப் போனேன்" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "வீட்டுக்கா?" ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். அசடு! ஆனால் வேறு எப்படிச் சொல்வதாம்?

மார்ச் 8
வக்கீலம்மா நம் மொழிக்காரர். அதனால் திட்டும் நம் மொழியிலேயே. "வீடு இங்க, அம்மாவப் பாக்கத்தான் போனேன்னு சொல்லியிருக்கணும்மா. இங்க குடியிருக்கலன்னு நீங்களே ஒத்துக்கிட்டு வந்திருக்கீங்க."
இவர் சிரிக்கிறார். "புகுந்த வீடுதான் உன் வீடுன்னு எங்கம்மா சொன்னப்ப மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்ட. இப்ப சர்க்காரே சொல்லுது, கேட்டுக்க."
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 19
மறுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 22
அப்பீல் போட்டாயிற்று. முடிவு வரும்வரை நாட்டைவிட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் நானே வாபஸ் வாங்கியதாக அர்த்தமாம். பழைய விசாவும் முடிந்துபோயிற்று. போனால் திரும்பி வர வழியில்லை.

மே 30
தம்பி கூப்பிட்டான். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. அடுத்த வாரம் ஆபரேஷன். "உன்னால வர முடியாதுன்னு அம்மாவுக்குத் தெரியும்க்கா. அதான் கேக்கவே மாட்டேங்குது."
கேட்டிருந்தால்கூடத் தேவலை. எனக்குப் பிரசவத் தையல் சீழ் வைத்தபோது ராத்திரி பகல் பார்க்காமல் கிடந்தவள். போய்விடவா? போனால் இவர் இங்கே, நான் அங்கே — பாப்பா? டிக்கெட் பார்த்தேன், மூடினேன், மறுபடி பார்த்தேன். என்ன பொண்ணுடி நீ.

ஜூன் 5
கட்டியை எடுத்துவிட்டார்கள். தம்பி பெண்டாட்டிதான் துடைக்கிறாள், புரட்டிப் படுக்க வைக்கிறாள். நான் போனில் வாய்ப்பந்தல் போடுகிறேன். அழுகை வந்துவிட்டது.
"அழாதடி. நான் என்ன செத்தா போயிட்டேன்? அந்தக் கார்ட வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வாடி" என்றாள் அம்மா.

ஆகஸ்ட் 11
தினமும் ஒத்திகை. நான் பாத்திரம் கழுவுகிறேன், இவர் துடைத்துக்கொண்டே அதிகாரி ஆகிறார்.
"எங்க போயிருந்தீங்க?"
"எங்கம்மா வீட்டுக்கு."
"உங்க வீடு?"
"இதுதான்."
கொஞ்சம் தயங்கினாலும் முதலிலிருந்து. பாப்பாவும் தட்டைத் தட்டிக் கத்துகிறாள்: "இதுதான்! இதுதான்!"

செப்டம்பர் 3
விசாரணை. ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. டாக்டர் சீட்டையும் இந்த முறை ஏற்றுக்கொண்டார்கள். வக்கீலம்மா முதுகில் தட்டிக்கொடுத்தார். வெளியே வந்து ஏனோ வெகுநேரம் கை கழுவினேன்.

செப்டம்பர் 29
கார்டு வந்துவிட்டது. போட்டோவில் யாரோ மாதிரி இருக்கிறேன்.
அம்மாவுக்குப் போன் போட்டேன். குரல் மெலிந்திருந்தது, ஆனால் பிடித்துக்கொண்டு நடக்கிறாளாம். ஒரே மூச்சில் சொன்னேன்: "இனிமே ஒரு தடையும் இல்லம்மா. அடுத்த மாசமே உங்க வீட்டுக்கு வர்றோம்."
"உங்க வீட்டுக்கா?" என்று என் வார்த்தையையே திருப்பிக் கேட்டாள்.
"வாங்க" என்றாள். "வர்ற தேதிய முன்னாடியே சொல்லிடுங்க. ரூம ஒழிச்சு வைக்கச் சொல்றேன்."
என் ரூமைத்தான் சொல்கிறாள்.