வெள்ளிக்கிழமைத் தயிர்

பெப்ரவரி 6

பணிப்பாளர் பாக்கியரத்தினம் கூப்பிட்டார். துறைமுகம் தெரிகிற யன்னலோரம் சாய்ந்துகொண்டு, "கௌசிகா மிஸ், அந்தக் கிண்ணியா மனுசியோட ஒருக்கா கதையுங்கோ. ஆறுதல் சொல்லுங்கோ. நரம்பு, பிழை எண்ட கதை மட்டும் வேண்டாம்."

அந்த மனுசி பரீதா. அவருக்குக் கழுத்தில் கழலை எடுக்கும்போது டொக்டர் கனகரத்தினம் குரல் நரம்பை வெட்டிவிட்டார். டொக்டருக்கு அன்றைக்கே தெரியும். பரீதாவுக்கும் கணவருக்கும் சொன்னதோ, "தொண்டைப் புண். தானா மாறும்." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத்தான் இவர்கள் வெளிநாடு போய்ப் படித்தார்கள் போலும். நான் இந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் உளவளத்துணையாளராம். வாய்ப்பூட்டு என்று பெயர்ப்பலகை போட்டிருக்கலாம்.

பெப்ரவரி 10

பரீதா பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பவர். என் முன்னால் இருந்து மூச்சாலேயே கேட்டார்: "நோன்புக்கு முந்திச் சரியாகுமா மிஸ்?"

தேன் குடிக்கிறாராம். கணவர் ஹிஸ்புல்லா எருமை வளர்ப்பவர். வெள்ளிக்கு வெள்ளி டொக்டருக்கு ஒரு சட்டி தயிர் கொண்டுவருகிறார். நன்றிக்கடனாம்!

"பார்ப்பம்" என்றேன். தூ.

பெப்ரவரி 13

தயிர் வந்தது. டொக்டர் இனிப்புப் பாணி ஊற்றிச் சாப்பிட்டார். "எருமைத்தயிர் எண்டால் கிண்ணியாதான்" என்று எனக்கும் நீட்டினார். வெட்கமாவது மண்ணாவது!

இப்போதே கொழும்புக்கு அனுப்பினால் குரலை ஓரளவாவது மீட்கலாமே, பிந்தினால் அதுவும் இல்லையே என்று கேட்டேன்.

"அனுப்பினால் ஏன் எண்டு கேப்பினம்" என்றார், கரண்டியை நக்கிக்கொண்டு.

பெப்ரவரி 16

சொல்லிவிட்டேன். கிண்ணியாப் பாலம் தாண்டி அவர்கள் வீட்டுக்கே போய், எல்லாவற்றையும்.

பரீதா அழுதார் — அதற்கும் சத்தமில்லை. எனக்குப் பார்க்க ஏலாமல் போய்விட்டது. ஹிஸ்புல்லா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப போன வெள்ளித் தயிரையும் டொக்டர் தெரிஞ்சிக்கிட்டா சாப்பிட்டாரு?"

"ஓம்."

பெப்ரவரி 20

இருவரும் வெறுங்கையோடு வந்தார்கள். டொக்டரின் கண் முதலில் ஹிஸ்புல்லாவின் கையைத்தான் பார்த்தது. சீ, என்ன பிறவி!

பரீதா விரலால் கிட்ட வரச்சொன்னார். பெரிய மனிதர் குனிந்து காதைக் கொடுத்தார். பரீதா சொன்னது எங்களில் ஒருவருக்கும் கேட்கவில்லை. டொக்டரின் முகம் கறுத்தது. கொழும்புக்கு அனுப்பும் கடிதத்தை நின்றபடியே எழுதினார். சத்திரசிகிச்சையில் நரம்பு வெட்டுப்பட்டது என்று முதல் வரியிலேயே.

பெப்ரவரி 23

வேலை போய்விட்டது. "நம்பிக்கைத் துரோகம்" என்றார் பாக்கியரத்தினம். எந்த வாயால்?

மே 4

கொழும்பிலிருந்து அழைப்பு. கரகரத்து, நடுவில் உடைந்து — ஆனாலும் குரல். "மிஸ், நான்தான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓதுவதற்கு இன்னும் மூச்சுக் காணாதாம். பயிற்சி செய்கிறாராம். இத்தனை நாளாக மனதில் கிடந்ததைக் கேட்டேன்: "அண்டைக்கு டொக்டற்ற காதில என்ன சொன்னனீங்கள்?"

சிரித்தார். எனக்குக் கேட்டது.

"தயிர் இனிச்சிச்சா எண்டு கேட்டேன்."