சாப்பிட்ட பிறகு அமத்துங்கோ

வேலைக்குப் போகச் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு, தவமலர் குசினி மேசையில் குனிந்து கணவன் இராசலிங்கத்துக்குச் சீட்டு எழுதினாள்.

"இஞ்சருங்கோ, புட்டு மூடி வச்சிருக்கிறன். சீனிக் குளிசையைப் போட்டுட்டு முதல் சாப்பிடுங்கோ."

பேனை நின்றது. இராசலிங்கம் காலையில் எழுந்ததும் ஊர்ச் செய்தித் தளத்தைத் திறந்து, ஓரத்தில் வரும் மரண அறிவித்தல்களைத்தான் முதலில் பார்ப்பார். நேற்று அவருக்கு முன்னால் அவள் பார்த்துவிட்டாள். கனடாவில் அவருடைய அண்ணன். காணிச் சண்டையோடு கதை நின்றுபோன அண்ணன்; யாரும் தொலைபேசியில் சொல்லவில்லை. அவள் அவசரமாக டாப்லெட்டில், செய்தியை மட்டும் காட்டும் வாசிப்புப் பார்வையைப் போட்டாள். ஓரம் முழுதும் மறைந்து, செய்தி மட்டும் நின்றது.

"என்னப்பா, இண்டைக்கு ஒருத்தரும் சாகேல்லையோ?" என்று கேட்டார் அவர்.

"சாவு பாக்கவே எழும்புறனீங்கள்?" என்று பாய்ந்தாள். அதன் பிறகு இருவரும் பேசவில்லை.

இன்னொரு துண்டு கிழித்தாள். "சாப்பிட்டிட்டீங்கள்தானே. இப்ப டாப்லெட்டில மேல இருக்கிற சின்னத் தாள் அடையாளத்தை அமத்துங்கோ, நான் மறைச்சது வரும். வாயால சொல்ல ஏலாமப் போச்சு. குளிக்கத் துவாய் எடுத்து வச்சிருக்கிறன். அரைநாள் லீவு கேட்டுட்டு ஓடி வாறன்."

அதைப் புட்டுக் கோப்பையின் கீழ் வைத்துவிட்டுக் கதவுவரை போனவள், திரும்பி வந்து கோப்பையைத் தூக்கினாள். சீட்டின் அடியில் இடமில்லை, ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"அறிவித்தலில சகோதரங்கள் எண்டு போட்ட இடத்தில முதல் பேர் உங்கடைதான்."